தேர்தல் நேரத்தில் துப்பாக்கி தேடிப் போனவள்

அமெரிக்காவில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். திருநெல்வேலிக்குப் போகும் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் அப்படி விடுகிறவராக இல்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. எந்த ராஜா, எந்தச் சண்டை என்று கேட்டுக்கொண்டே வந்தார். தூக்கக் கலக்கத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். துப்பாக்கி வரலாறு.

"துப்பாக்கிக்கு என்ன வரலாறு? சுட்டான், செத்தான். அவ்வளவுதான?" என்றது மேல் படுக்கையிலிருந்து ஒரு குரல்.

எனக்குத் தன்மானம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து உட்கார்ந்து விளக்கினேன். அமெரிக்க அரசியல் சட்டத்தில் துப்பாக்கி பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. அதில் காற்புள்ளி எங்கே விழுகிறது என்பதை வைத்து வக்கீல்களும் பேராசிரியர்களும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறார்கள். செத்துப்போன குடியானவர்களின் சொத்து விவரங்களைத் தோண்டி, அந்தக் காலத்தில் எந்தெந்த வீட்டில் துப்பாக்கி இருந்தது என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது பழைய பத்திரிகைகளில் வந்த துப்பாக்கி விளம்பரங்களை. தையல் மிஷினைப் போல வீட்டுக்கு வீடு இது வேண்டும் என்று கம்பெனிகள் எப்படி ஜனங்களை நம்பவைத்தன என்பது என் ஆராய்ச்சி.

அண்ணாச்சி கடைசிவரை தலையாட்டினார். கோவில்பட்டி வருவதற்குள் பெட்டி முழுக்கச் செய்தி போய்விட்டது: இந்த அம்மா அமெரிக்காவில் துப்பாக்கிக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதுகிறார். பக்கத்தில் இருந்த ஒரு தாய், என் கைப்பையைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைப் பைய இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்தத் துறைக்கு நானாக வரவில்லை. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்து, மிஷனெரிப் பெண்களின் கடிதங்களைப் படிப்பதற்காக அமெரிக்கா போனவள். அங்கே அதற்கு உதவித்தொகை இல்லை, துப்பாக்கிக்கு இருந்தது. இருபது வருடமாக அதையே சொல்லிக்கொடுக்கிறேன். சோளக்காட்டு நடுவில் இருக்கும் சிறிய ஊர். என் மாணவர்களில் பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போய் வளர்ந்தவர்கள். நான் இதுவரை ஒரு துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. சுடப் பழக்குகிறோம் வாருங்கள் என்று வருடா வருடம் யாராவது ஒரு மாணவர் அன்பாகக் கூப்பிடுவார். எனக்கு உடனே தோள்வலி வந்துவிடும்.

இந்த முறை ஊருக்கு வந்ததும் ஆராய்ச்சிக் காரியமாகத்தான். நம் ஊர்ப் பக்கம் பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கிற விவசாயிகள் உண்டு. ஒரு நாட்டில் உரிமையாக இருப்பது இன்னொரு நாட்டில் சர்க்கார் போட்ட அனுமதியாக இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்று கல்லூரியில் சொல்லியிருந்தேன். மார்ச் மாதத்தில் கிடைக்கும் ஒரு வார விடுமுறையில் போய் நாலைந்து துப்பாக்கிகளையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம்.

ஸ்டேஷனுக்கு அத்தான் வந்திருந்தார். என் சித்தி மகள் எலிசபெத்தின் கணவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சேரன்மகாதேவியிலிருந்து பாபநாசம் வரை அவரிடம் அடி வாங்காத ஆண்கள் குறைவு என்று எலிசபெத் அக்கா சொல்வாள். அவருடைய கார் கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் இறங்கித் தள்ள வேண்டும். பெட்டிகளோடு வந்த விருந்தாளி என்ற சலுகை எனக்குக் கிடைக்கவில்லை.

வண்டி முருகன்குறிச்சி தாண்டியதும் அத்தான் கேட்டார்: "ஆமா எஸ்தர், தேர்தல் தேதி அறிவிச்சிட்டாங்கன்னு உனக்குத் தெரியும்லா?"

தெரியும் என்றேன். நான் செய்தி படிப்பவள்.

"அறிவிச்சா லைசென்ஸ் துப்பாக்கி எல்லாத்தையும் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணுமே. அது தெரியுமா?"

தெரியும். படித்திருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் நானே ஒரு கட்டுரையில் இதைப் பற்றி அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். என் அடிக்குறிப்பை நான் மறந்துவிட்டேன். இத்தனை தூரம் கடல் தாண்டி, மாவட்டத்தில் ஒரு வீட்டிலும் துப்பாக்கி இல்லாத வாரமாகப் பார்த்து வந்து இறங்கியிருக்கிறேன். அமெரிக்காவில் என் ஊரில் சாமான் வாங்கப் போகும் பெரிய கடையில், மீன்தூண்டிலுக்கும் கூடாரத்துக்கும் அடுத்த வரிசையில் கண்ணாடிக்குள் துப்பாக்கி இருக்கும். அதைத் தாண்டித்தான் நான் தினமும் பாலுக்குப் போகிறேன்.

வீட்டில் அடுத்த இடி. விமானத்தில் ஏறியதிலிருந்து எலிசபெத் அக்கா வைக்கும் ஆட்டுக்கறிக் குழம்பை நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். "லெந்து நாள்லா? ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாது" என்று அக்கா உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் எடுத்து வைத்தாள். மூன்றாவது தடவை சோறு போட்டபோது குழம்பை மறந்துவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் அத்தானுக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் மாணவிகளிடம் கொஞ்ச நேரம் பேசினேன். காற்புள்ளிச் சண்டையை இங்கே சுருக்கிக்கொண்டேன், ரயில் அனுபவம் இருந்ததால். பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, உங்களுக்கு வகுப்பில் பயமாக இருக்காதா மேடம் என்று கேட்டாள். யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு பருவத்திலும் நாங்கள் ஒத்திகை பார்ப்போம் என்றேன். விளக்கை அணைத்து, கதவை உள்ளே பூட்டி, ஜன்னலுக்குத் தெரியாத மூலையில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருப்போம். யாரும் சிரிக்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது.

அந்தப் பெண் திரும்பி வகுப்பறைக் கதவைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். அது மழையில் உப்பிப்போய் பாதியில் நின்றுவிட்ட கதவு. வராந்தாவில் ஒரு நாய் படுத்திருந்தது.

துப்பாக்கி இல்லாவிட்டாலும் சொந்தக்காரர்களையாவது பார்க்கலாம் என்று மதியத்துக்கு மேல் சேரன்மகாதேவி போனோம். ஒரு வங்கியின் வாசலில் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கி. வங்கிக் காவலுக்குத் தேர்தலில் விலக்கு உண்டு. பாலைவனத்தில் தண்ணீரைக் கண்டதுபோல நான் காரிலிருந்து இறங்கிவிட்டேன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சுட்டதில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றேன். மீசையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். நான் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்தேன். வங்கிக் கதவும் நன்றாக விழும்படி எடுத்தேன். அத்தான் காரிலிருந்து ஹார்ன் அடித்ததை, நேரமாகிவிட்டது என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்பாசமுத்திரம் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் தேர்தல் பறக்கும் படை வண்டியை மறித்தது. வாக்காளருக்குக் கொடுக்கப் பணமோ பரிசோ கொண்டுபோகிறார்களா என்று பார்ப்பவர்கள். டிக்கியைத் திறந்தார்கள். எலிசபெத் அக்காவின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் கொண்டுவந்திருந்த சாக்லேட், ஒரே அளவில் ஒரே நிறத்தில் பொட்டலம் பொட்டலமாக அங்கே இருந்தது. நானே ரிப்பன் கட்டியிருந்தேன். எந்தக் கட்சி என்று அதிகாரி கேட்டார். அத்தான், சி.எஸ்.ஐ. சபை என்றார். இது வேடிக்கைக்கான நேரமில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

அடுத்து என் பை. அதில் நூறு வருடத்துக்கு முந்தைய கைத்துப்பாக்கி விளம்பரங்களின் நகல்கள். ஒன்றில் ஒரு தாய் தலையணைக்கடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். அடுத்து என் போன். அதில் கடைசியாக எடுத்த படங்கள் ஒரு வங்கி, அதன் கதவு, அதன் காவலாளி, அவர் துப்பாக்கி, எல்லாம் பல கோணத்தில். அடுத்து என் பாஸ்போர்ட். அது அமெரிக்காவினுடையது.

ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றார்கள். கார் கிளம்பவில்லை. பறக்கும் படைதான் தள்ளிவிட்டது.

இன்ஸ்பெக்டர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். குரலை உயர்த்தவே இல்லை. விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, கல்லூரிக்கு எழுதிப்போடுவார்களோ என்று மனம் ஓடியது. டீ வந்தது. பயத்தில் அதை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். என் வேலையைப் பற்றிச் சொன்னேன். கல்லூரியின் இணையப் பக்கத்தில் என் படத்தைக் காட்டினேன். பதினைந்து வருடத்துக்கு முந்தைய படம். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்.

"சரி மேடம். அங்க துப்பாக்கி ஏன் இவ்வளவு இருக்குன்னு படிக்கீங்க. படிச்சு?" என்றார்.

அந்த "படிச்சு?" குத்தலாகக் கேட்டதல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். படித்து எழுதுகிறோம், எழுதியதை எங்களைப் போன்ற இன்னும் சிலர் படிக்கிறார்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அவர் சிரித்துவிட்டார். வங்கிப் படங்களை மட்டும் அழிக்கச் சொன்னார். பிறகு பக்கத்து அறைக் கதவைத் திறந்து, நான் தேடி வந்ததை வாசலில் நின்று பார்க்க அனுமதித்தார். தொடக் கூடாது, போட்டோ கூடாது. கல்யாண மண்டபத்தில் மழை நாளில் குடைகளைச் சாத்தி வைப்பார்களே, அப்படிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அட்டையில் பெயர். சிலதுக்குப் பழைய வேட்டியில் உறை தைத்திருந்தார்கள். ஒன்றின் கட்டையில் சந்தனமும் குங்குமமும் இருந்தது, போன ஆயுத பூஜையில் வைத்ததாக இருக்கும்.

அப்போதுதான் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே வந்தார்கள். அவர் தோளில் பழைய சேலையில் சுற்றிய நீளமான பொதி. அந்த அம்மாள் அவர் கையை ஒட்டியே நடந்து வந்தாள். அவர் அத்தானைப் பார்த்ததும் பொதியோடு விறைப்பாக நின்று, வணக்கம் சார் என்றார். பெயர் சங்கரபாண்டி. பள்ளிக்கூடத்தில் அத்தானிடம் படித்தவர். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் வாழையும் நெல்லும் போடுகிறவர். துப்பாக்கியை ஒப்படைக்க வந்திருந்தார். ஒற்றைக்குழல், அவர் அப்பா காலத்தது.

துப்பாக்கியைக் கொடுத்து ரசீது வாங்குகிறவரை அந்த அம்மாள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அறைக்குள் கொண்டுபோனதும் பெரிய மூச்சு விட்டாள். அவள் பெயர் பேச்சியம்மாள். நான் துப்பாக்கியைப் பற்றிப் படித்தவள் என்று அத்தான் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்கக்கா. கண்டிப்பா வரணும்" என்றாள். மரியாதைக்குக் கூப்பிடுவது போல இல்லை. எனக்கோ, வந்த வேலை முடியப்போகிறதே என்று ஒரே குஷி.

மறுநாள் தள்ளியும் கார் கிளம்பவில்லை. பஸ்ஸில் போனோம். அம்பாசமுத்திரத்தில் இறங்கி வேறு பஸ். பாட்டுச் சத்தத்திலும் ஜன்னல் காற்றிலும் நான் தூங்கிவிட்டேன், பக்கத்தில் அத்தானும் தூங்கிவிட்டார். எங்கள் நிறுத்தம் தாண்டி எங்கோ போய், கண்டக்டர் எழுப்பி, "சாரு, நீங்கதான எங்களுக்கு வகுப்புல தூங்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தது" என்று கேட்டு இறக்கிவிட்டார். அத்தான் அந்தப் பையனின் பெயரை ஞாபகப்படுத்திக்கொண்டே திரும்பி நடந்தார். வழியெல்லாம் பிசான நெல் அறுத்த வயல்கள். மேற்கே மலை நீலமாக, தொட்டுவிடலாம் போலக் கிட்டத்தில் நின்றது. வெயிலில் எனக்கு மூச்சு வாங்கியது. பனையடியில் பதநீர் விற்ற ஒருவரிடம் நிறுத்தி, ஓலையில் வாங்கிக் குடித்துச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டேன்.

ஊரில் வீடு கேட்டபோது, "துப்பாக்கிக்காரர் வீடா? நேரே போங்க" என்றார்கள். அப்பா காலத்திலிருந்து அதுதான் வீட்டுக்குப் பெயர் என்று சங்கரபாண்டி சொன்னார். காட்டுப்பன்றி வந்தால் சுடக் கூடாது, வானத்தைப் பார்த்து வெடித்துச் சத்தம் காட்டி விரட்டுவதோடு சரி. அதற்கும் இப்போது பட்டாசே போதும். "ஆனா துப்பாக்கி இருந்தா ஒரு இதுதான்" என்றார். அந்த "ஒரு இது"வைப் பற்றி நான் அமெரிக்காவில் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். அதன் தலைப்பே இரண்டு வரி வரும்.

சாப்பாடு வாழையிலையில். வாழைப்பூப் பொரியல், புளிக்குழம்பு, அப்பளம். சங்கரபாண்டி கொஞ்சமாகச் சாப்பிட்டு எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அத்தான் நார்க் கட்டிலில் சாய்ந்தார். பேச்சியம்மாள் எனக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் பின்வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"அக்கா, போன வருசம் காத்துல எங்க வாழை பூரா சாஞ்சுட்டு. வெட்டுத நேரம். அதுக்கப்புறம் அவுக யார்ட்டயும் பேசல. ஒரு நாள் மத்தியானம் துப்பாக்கிய எடுத்துட்டு வயலுக்குப் போனாவ. பகல்ல பன்னி வராதுன்னு எனக்குத் தெரியும்லா. பின்னாலயே ஓடினேன். மரத்தடியில அத மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாவ. நான் ஒண்ணுமே கேக்கல. சோறு ஆறுது வாங்கன்னேன். எந்திச்சு வந்துட்டாவ."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அன்னையிலேருந்து அத எங்க கொண்டு போனாலும் நானும் கூடப் போறேன். தேர்தல் வந்தது எனக்கு நல்லதாப் போச்சு. முடிஞ்சதும் திரும்ப வாங்கிருவாவ. வாங்காதியன்னு நீங்க சொல்லுதியளா? நீங்க அதுக்குன்னே படிச்சவிய."

 இதைத்தான் என் துறையில் எல்லோரும் மறுபடி மறுபடி எழுதுகிறோம். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பெரும்பாலோர் அடுத்தவன் சுட்டுச் சாவதில்லை, தன் வீட்டுத் துப்பாக்கியால் தானே முடிந்துபோகிறார்கள். திருடனுக்காக வாங்கியது வாங்கியவனையே கொண்டுபோகிறது. மேடையில் இதைச் சொல்ல என்னிடம் வண்ண வண்ணப் படங்கள் உண்டு. கேட்பவர்கள் குறிப்பெடுப்பார்கள், பிறகு காபி குடிக்கப் போவோம். ஒரு மனிதரிடம் போய் நேரே சொல் என்று யாரும் என்னை இதுவரை கேட்டதில்லை. டாக்டரைக் கூப்பிடலாம், அத்தானை அனுப்பலாம் என்றெல்லாம் யோசித்தேன். பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வயலுக்குப் போனேன். சங்கரபாண்டி வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். கிட்டே போவதற்காக வரப்பிலிருந்து இறங்கினேன். ஒரு செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. அதை இழுக்கப் போய் மற்றக் காலும் இறங்கியது. அந்தக் கோலத்தில், முழங்கால் அளவு சேற்றோடு, "அண்ணாச்சி, ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தது மகா மோசம். ஆய்வுகள், ஆபத்து, சாத்தியக்கூறு என்று செய்யுள் போல ஏதோ சொன்னேன். எனக்கே புரியவில்லை. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.  பிறகு நான் சொல்ல நினைக்காத ஒன்று வாயில் வந்தது.

என் வகுப்பில் படித்த ஒருவனைப் பற்றிச் சொன்னேன். சோளம் போடுகிற குடும்பம். நன்றாக எழுதுவான், என் மோசமான நகைச்சுவைக்கெல்லாம் சத்தமாகச் சிரிப்பான். படிப்பு முடிந்து வயலைப் பார்க்க வீட்டுக்குப் போனான். இரண்டு வருடம் மழை சரியில்லை. வீட்டில் அவன் தாத்தாவின் துப்பாக்கி இருந்தது. ஒரு நாள் அவ்வளவுதான். அவன் அம்மா என்னிடம் சொன்னாள், அன்று சாயங்காலமே மழை பெய்ததாம்.

"அது அந்த வீட்ல இல்லாம இருந்திருந்தா அந்த ஒரு நாள் எப்படியும் தாண்டியிருக்கும் அண்ணாச்சி. அந்த நேரம் தாண்டிட்டா முக்கால்வாசிப் பேரு பிழைச்சுக்கிடுதாங்க. நான் இத்தன வருசமா படிச்சதுல எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அதைச் சொல்லிவிட்டு நான் அழுதுவிட்டேன். சும்மா கண் கலங்கவில்லை, மூக்கு ஒழுக, சத்தமாக. புத்தி சொல்ல வந்தவள் சேற்றில் நின்று அழுகிறேன். புத்தி கேட்க வேண்டியவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்.

அவர் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "அன்னைக்கு அவன் வீட்டுல யாரும் இல்லையா?"

இல்லை, எல்லோரும் டவுனுக்குப் போயிருந்தார்கள் என்றேன்.

அவர் குனிந்து சேற்றுக்குள் கையை விட்டு என் செருப்பை எடுத்தார். வாய்க்கால் தண்ணீரில் அலசி வரப்பில் வைத்தார். "பேச்சி சொன்னாளா?" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு என்ன நெனச்சுப் போனேன்னு எனக்கே சரியாத் தெரியல. அவ வந்து நின்னா. அவ்வளவுதான்" என்றார். பிறகு, "அது இல்லாட்டி எங்க வீட்ட என்ன சொல்லிக் கூப்பிடுவாவ" என்றார். அது கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை.   அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எப்போதும் போல ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.  வீரவநல்லூர் தாண்டியபோது, திருநெல்வேலியில் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருத்தி தன்னிடம் படித்தவள்தான், சங்கரபாண்டியைத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். "நான் கூப்பிட்டா வருவான். இன்னும் என்னப் பாத்தா பயம்தான்" என்றார். அந்தப் பயம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படப்போவது அவருக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது போல.

மிச்சமிருந்த நாட்களில் நான் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. எலிசபெத் அக்காவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே ரயிலில் வந்த அண்ணாச்சி கடையில் இருந்து எட்டிப்பார்த்து, வியாபாரம் எப்படிப் போச்சு என்று கேட்டார். சுமார் என்றேன்.

சோளக்காட்டுக்குத் திரும்பியபின் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். என்னிடம் ஒரு துப்பாக்கியின் படம்கூட இல்லை. துறைத் தலைவர் என்ன கிடைத்தது என்று கேட்டார். இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். ஊரில் தேர்தல் முடிந்தது, ஓட்டு எண்ணினார்கள், புது ஆட்சி வந்தது. துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டதாக அத்தான் போனில் சொன்னார். சங்கரபாண்டி டாக்டரிடம் இரண்டு முறை வந்ததாகவும், துப்பாக்கியைப் பற்றித் தான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். பேச்சியம்மாளின் எண் என்னிடம் இருந்தது. கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் போய் வாங்கி வந்திருந்தால் நான் என்ன சொல்வது?

கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் சமையலை அடுப்பில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அங்கே அப்போது காலை. கோழிச் சத்தமும் பக்கத்து வீட்டு ரேடியோவும் கேட்டன. பேச்சியம்மாள் முதலில் என் சாப்பாட்டையும் அங்கத்து மழையையும் விசாரித்தாள். பிறகு தானாகவே சொன்னாள். ஸ்டேஷனிலிருந்து ஆள் சொல்லிவிட்டதும் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினாராம். இவளும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாராம். பஸ் திரும்பி வருகிறவரை இவள் வீட்டுக்கும் நிறுத்தத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாளாம். வெறுங்கையோடு இறங்கி வந்தாராம்.

"இனி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்னாவ. ஏன்னு நான் கேக்கல. அவுகளும் சொல்லல" என்றாள்.

நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நன்றி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "தூங்குதாவக்கா. இம்புட்டு நாளா விடியுமுன்ன எந்திச்சு சும்மா உக்காந்திருப்பாவ. இன்னைக்கு வெயில் மூஞ்சில விழுது, அப்பவும் தூங்குதாவ. எழுப்பவா?"

வேண்டாம் என்றேன். தூங்கட்டும்.